சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்ப: எதை எப்போது முடிப்பது

ஊருக்கே போய்விடலாம் என்று முடிவானதும் பல வீடுகளில் முதல் போன் சாமான் ஏற்றும் கம்பெனிக்குப் போகிறது. அது மூன்றாவது போனாக இருக்கட்டும். முதலில் பேச வேண்டியது பிள்ளை சேரப்போகும் பள்ளியிடம். அடுத்து அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிடம். பள்ளி திறக்கும் தேதியும் வேலையின் கடைசி நாளும் தெரியாமல் கன்டெய்னருக்கு முன்பணம் கட்டினால், பிறகு எல்லாத் தேதியையும் அந்தக் கன்டெய்னருக்காக வளைக்க வேண்டிவரும்.

சிங்கப்பூரில் வங்கி, வரி, மசேநி (மத்திய சேம நிதி), மருத்துவக் குறிப்பு என எல்லாமே ஓர் அட்டையையும் ஒரு கைப்பேசி எண்ணையும் அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸையும் நம்பி நடக்கின்றன. ஊர் திரும்புகிறவர்கள் படும் பாடு பெரும்பாலும் வரிசை மாறிப்போவதால் வருவது. எண்ணைத் துண்டித்துவிட்டு வங்கியின் ஓடிபிக்காகக் காத்திருப்பார்கள். மின்கணக்கை முடித்துவிட்டு ஏர்கான் ஓடாத வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைப்பார்கள். ஆகவே கடைசி வேலைநாளை ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி ஆறு மாதம் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது இந்தியக் கடவுச்சீட்டோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியது; நிரந்தரவாசிகளுக்கும், பிள்ளைகள் மட்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற வீடுகளுக்கும் உரியவை அங்கங்கே வரும்.

நாள் குறிப்பது

சிங்கப்பூர்ப் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில். தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்றால் நவம்பரில் இங்கே ஆண்டை முடித்துவிட்டு ஏப்ரலிலோ ஜூனிலோ அங்கே சேர்ப்பதுதான் நல்லது. நடுவில் கிடைக்கும் மாதங்கள் வீண் என்று நினைத்து ஜனவரியிலேயே சேர்த்தால், ஆண்டுத் தேர்வுக்கு எல்லோரும் திருப்புதல் செய்துகொண்டிருக்கும் வகுப்பில் பிள்ளை போய் உட்காரும். சிங்கப்பூரிலேயே இந்தியப் பாடத்திட்டத்தில் ஏப்ரல் முதல் மார்ச் வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உயர்நிலைப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடக்கிறது, பன்னிரண்டுக்கு உரியது பதினொன்றில். நேராகப் பத்திலோ பன்னிரண்டிலோ சேர்வதற்கு வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். பல பள்ளிகள் அந்த வம்பே வேண்டாமென்று கையை விரித்துவிடும். எனவே ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முன் போய்விடுங்கள், இல்லையென்றால் ஓ நிலைத் தேர்வை முடித்துவிட்டுப் போங்கள். உயர்நிலை மூன்றின் நடுவில் கிளப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். ஓ நிலை, ஏ நிலை, ஐபி முடித்தவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையின்போது கேட்கப்படும். மதிப்பெண் சான்றிதழின் மூலப்படி கையில் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது, பின்னர் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் வந்தது. இங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்த பிள்ளை தப்பித்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பாடத்தில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் படம் பார்த்துச் சொல்வதற்கும் இடம் அதிகம். அங்கே மனப்பாடச் செய்யுள், அணி, யாப்பு, பக்கம் பக்கமாகக் கையெழுத்து. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓராண்டு முன்பே அடுத்த வகுப்புத் தமிழ் நூலை இறக்கி வாரம் இரண்டு பக்கம் எழுத வைத்தால், போன முதல் பருவத்தில் வரும் அழுகை பாதியாகக் குறையும்.

தேதியைத் தீர்மானிக்கும் இன்னொன்று இந்திய வரி. நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டுக்கே நீங்கள் குடியிருப்பாளர். அக்டோபர் முதல் வாரத்துக்குப் பின் போய் இறங்கினால் இந்த 182ஐத் தொட மாட்டீர்கள், அந்த ஆண்டின் சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி வராது. ஆனால் அதே ஆண்டில் கல்யாணம், காதுகுத்து என்று முன்பே போய்வந்த நாள்களையும் கூட்ட வேண்டும். நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தால் அதுவும் குடியிருப்பாளர் ஆக்கிவிடும். கொரோனாவுக்குப் பிறகு ஊரிலிருந்தே வேலை பார்க்கப் பழகியவர்கள் கடவுச்சீட்டு முத்திரைகளை எடுத்துவைத்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

நிரந்தரவாசிகளும் ஆண்பிள்ளைகளும்

வேலை அட்டையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நிரந்தரவாசிகள் இங்கேதான் நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும்.

மசேநிப் பணத்தை மொத்தமாக எடுக்க, நிரந்தரவாசத்தைத் துறந்து சிங்கப்பூரை விட்டே போக வேண்டும். துறப்பதை ஒருமுறை செய்தால் செய்ததுதான். பின்னால் திரும்ப வேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். பணம் அவசரமில்லை என்றால் மறுநுழைவு அனுமதி செல்லும் காலம்வரை துறக்காமல் ஊரில் இருந்து பாருங்கள். மசேநி சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், எங்கும் ஓடிப்போகாது. மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தால் நிரந்தரவாசம் போய்விடக்கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் பலருக்கு, ஊருக்குப் போய்விட்டு வீட்டை முழுதாக வாடகைக்கு விடலாம் என்று ஒரு நினைப்பு. அதற்கு அனுமதி கிடையாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். ஆகவே விற்பதுதான் வழி. வாங்குபவர் கிடைத்து, விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்டபின் ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். வாங்குபவரைத் தேடும் காலத்தையும் சேர்த்து ஆறு மாதம் ஒதுக்குங்கள். வீட்டுக்காக எடுத்த மசேநிப் பணம் வட்டியோடு மசேநிக்கே திரும்பிப் போகும் என்பதால், விற்ற விலையில் கையில் வரும் ரொக்கம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

மகன் நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இருந்தால் தேசிய சேவை உண்டு. 13 வயதைத் தொட்டபின் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். பதினாறரை வயதில் தேசிய சேவைப் பதிவு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறக்கும் பையனுக்கு, பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது பாதகமாகவே எடுத்துக்கொள்ளப்படும். பையனுக்குப் பத்து வயதாகும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. பதினைந்தில் பேசத் தொடங்கினால் தேர்ந்தெடுக்க அதிகம் மிஞ்சாது.

வேலை, வரி, அட்டை

வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுவனம் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்ப வேண்டும். ராஜினாமாக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் எல்லாவற்றையும் நிறுவனம் நிறுத்திவைக்கும். வரி கழித்து மிச்சத்தை விடுவிக்கும். படிவம் அனுப்பி 30 நாளுக்குள்ளோ, ஆணையத்தின் பதில் அதற்கு முன் வந்தால் அப்போதோ பணம் வரும். வாடகை, பள்ளிக் கட்டணம், டிக்கெட், கப்பல் செலவு என எல்லாம் கூடி நிற்கும் மாதத்தில்தான் சம்பளம் வராது. இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கடிதம் கொடுங்கள்.

நிறுவனப் பங்குகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்னும் கைக்கு வராத பங்குகளையும் பயன்படுத்தாத பங்கு விருப்பங்களையும்கூட, வெளிநாட்டவர் வேலையை விடும்போது பெற்றுவிட்டதாகவே கருதி வரி போடுவார்கள். விற்காத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்டும் நிலை வரலாம். எவ்வளவு என்பதை மனிதவளப் பிரிவிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேலை அட்டையை நிறுவனம்தான் ரத்து செய்யும். முதன்மை அட்டை போனால் மனைவி, பிள்ளைகள், பெற்றோரின் சார்ந்தோர் அட்டைகளும் நீண்டகால வருகை அட்டைகளும் கூடவே போய்விடும். எம்பிளாய்மென்ட் பாஸ் வைத்திருந்தவருக்கும் குடும்பத்துக்கும் வழக்கமாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளை வீட்டை ஒப்படைக்கவும் சாமான் ஏற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். 29ஆம் நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீட்டிப்புக்கு அலைய வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண் இருந்தால் அவரை வேறு முதலாளிக்கு மாற்றுவதோ சொந்தச் செலவில் ஊருக்கு அனுப்புவதோ உங்கள் பொறுப்பு. அது முடிந்தால்தான் 5,000 வெள்ளிப் பிணையிலிருந்து விடுபடுவீர்கள். அவரிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவது முறை.

வாடகை வீட்டை ஒப்படைப்பது

ஒப்பந்தத்தை எடுத்து, இடம்பெயர்வு விதி இருக்கிறதா என்று பாருங்கள். முகவர்கள் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பொதுவாக முதல் 12 மாதம் கழித்து, இரண்டு மாத அறிவிப்பு கொடுத்து விலகலாம். வேலை முடிந்ததற்கோ நாட்டை விட்டுப் போவதற்கோ ஆதாரக் கடிதம் கேட்பார்கள். முகவர் கமிஷனில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கை உங்களிடம் வசூலிக்கும் விதியும் அங்கேயே இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இந்த விதியே இராது.

வைப்புத்தொகை, ஒப்பந்தத்தின் ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம். அதில் கை வைக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: ஏர்கான், திரைச்சீலை, ஆணி ஓட்டை, அடுப்பங்கரைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. ஏர்கானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த ரசீதுகளை வரிசையாக அடுக்கி வையுங்கள். ஒரு ரசீது குறைந்தாலும் கெமிக்கல் வாஷ் செலவு உங்கள் தலையில் விழும். திரைச்சீலையை டிரைகிளீன் செய்ததற்கும் ரசீது கேட்பார்கள். தாளிப்பும் பொரியலுமாக இருக்கும் நம் சமையலறையின் புகைபோக்கி வடிகட்டியைக் கடைசி வாரத்தில் தேய்த்தால் போகாது. ஒரு மாதம் முன்பே சோடாத் தூள் போட்ட வெந்நீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்து எடுங்கள். குடிவந்த அன்று எடுத்த படங்களையும் பொருள்பட்டியலையும் கைப்பேசியில் தயாராக வைத்துக்கொண்டு, உரிமையாளரோ முகவரோ கூட இருக்கும்போது அறை அறையாகப் பாருங்கள். சாவி, நுழைவு அட்டை, தபால்பெட்டிச் சாவி, ரிமோட் அத்தனையும் எண்ணிக்கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மின்சார, தண்ணீர்க் கணக்கை முடிக்கும் தேதியை ஒப்படைக்கும் நாளுக்கு மறுநாளாகப் போடுங்கள். மின்சாரம் இல்லாமல் ஏர்கானைச் சோதிக்க முடியாது. சோதிக்காத ஏர்கானுக்குப் பணம் பிடிப்பது சுலபம். எஸ்பி சர்வீசஸ் வைப்புத்தொகை கடைசிக் கட்டணத்தில் கழிந்து மிச்சம் திரும்பி வரும். அது வந்து சேர சிங்கப்பூர் வங்கிக்கணக்கு உயிரோடு இருக்க வேண்டும்.

கட்டில், அலமாரி, சோபாவை ஆறு வாரம் முன்பே, பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் போட்டால் விலை கேட்பவர் உங்கள் டிக்கெட் தேதியையும் கேட்பார். விற்காத பெரிய சாமானை எடுத்துப்போக நகர மன்றத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். நடைபாதையில் வைத்துவிட்டுப் போனால் தீயணைப்பு விதிப்படி அது குற்றம். கொண்டோமினியத்தில் மின்தூக்கி முன்பதிவு, அதற்கொரு வைப்புத்தொகை, ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கத் தடை என்று வேறு சட்டதிட்டம். சாமான் கம்பெனியின் தேதியை உறுதி செய்வதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எதை ஏற்றுவது, எதை விடுவது

எங்கள் கருத்து: பாதியை விடுங்கள். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். நான்கறை வீட்டின் மரச்சாமான் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலமாரியை ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகு பிடிக்காது. மரச்சாமானை விட்டுவிட்டுப் பெட்டிகளை மட்டும் அனுப்பினால் கணக்கு வேறு. சாதாரண அட்டைப்பெட்டி ஒன்று 0.12 முதல் 0.15 கன மீட்டர். 50 பெட்டி என்றால் 6 முதல் 7.5 கன மீட்டர். அதைப் பகிர்வு கன்டெய்னரில் அனுப்பலாம். பகிர்வில் செலவு குறைவு, ஆனால் கன்டெய்னர் நிறையக் காத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் மற்றவர்களின் சரக்கோடு சேர்ந்து இறங்கி, பிரிய நாளாகும். சென்னைக்குக் கப்பல் ஓடுவது ஒரு வாரம்தான் என்றாலும் வீட்டு வாசலுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை, நெல்லைப் பக்கம் போகிறவர்கள் தூத்துக்குடிக்கும் விலை கேளுங்கள்.

மேற்கோள் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தியத் துறைமுகத்தில் நான் தனியாகக் கட்ட வேண்டியது என்னென்ன? மலிவாகத் தெரியும் விலையில் டெலிவரி ஆர்டர் கட்டணம், சரக்கு நிலையக் கட்டணம், சுங்க முகவர் கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி எதுவும் சேர்ந்திருக்காது. சரக்கு நிலையத்தில் இலவச நாள்கள் கடந்துவிட்டால் தினசரிக் கட்டணம் ஏறும். அந்தச் சமயத்தில் நீங்கள் இந்தியாவில் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. சாமான் உரியவரின் அசல் கடவுச்சீட்டைச் சுங்கத்தில் பார்ப்பார்கள்.

நிரந்தரமாகத் திரும்புவோரின் வீட்டுச் சாமானுக்குச் சுங்கவரியில் கிடைக்கும் குடியிருப்பு மாற்றச் சலுகையை முழுமையாகப் பெற இரண்டாண்டு வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டாண்டில் இந்தியாவில் தங்கிய நாள்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. பிரசவத்துக்காக எட்டு மாதம் ஊரில் இருந்த மனைவியின் பெயரில் சாமானை அனுப்பினால் சலுகை போச்சு. கணவர் பெயரில் அனுப்பினால் கிடைக்கும். கப்பல் ரசீதில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறினாலும் கேள்வி வரும். நீங்கள் இந்தியாவில் இறங்கி ஒரு மாதத்துக்குள் சாமான் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். வரியில்லாத் தொகை வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால், இந்தியச் சுங்கத்துறைத் தளத்தில் அந்த மாதத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பொருள்பட்டியலில்தான் பாதி வேலை இருக்கிறது. பெட்டி எண், உள்ளே இருப்பது, எண்ணிக்கை, பழசா புதுசா, தோராய மதிப்பு என ஐந்து பத்தி போடுங்கள். ‘பெட்டி 17: எவர்சில்வர் பாத்திரம் 22, பழசு, 60 வெள்ளி’ என்று இருந்தால் அதிகாரி அடுத்த வரிக்குப் போவார். ‘பெட்டி 17: வீட்டுச் சாமான்’ என்று இருந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார். கடை உறை பிரிக்காத பொருளைப் புதுப்பொருள் என்றே மதிப்பிடுவார்கள். முஸ்தபா கடையில் ஊர்க்காரர்களுக்கு வாங்கிய வாசனைத்திரவியமும் சாக்லேட்டும் பயணப்பெட்டியில் போகட்டும், கன்டெய்னரில் வேண்டாம். டிரோன் இந்தியாவுக்கு இறக்குமதியே தடை. மின்சிகரெட், செயற்கைக்கோள் போன் பக்கமும் போக வேண்டாம்.

மின்சாதனங்களில் நல்ல செய்தி, இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு: இங்கே சதுரக் கால் மூன்று, அங்கே உருண்டைக் கால். கனெக்டர் வாங்கி மாட்டினால் துணி துவைக்கும் இயந்திரம், அவன் போன்றவை இழுக்கும் மின்சாரத்தில் அது உருகிவிடும். எலெக்ட்ரீஷியனிடம் 16 ஆம்பியர் பிளக்கையே மாற்றச் சொல்லுங்கள். முன்பக்கம் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்புறம் மூன்று நான்கு போக்குவரத்து போல்ட் மாட்டும் துளைகள் இருக்கும். வாங்கியபோது கழற்றிய அந்த போல்ட்டுகளை மறுபடி பூட்டாமல் கப்பலில் ஏற்றினால், டிரம் ஆடி ஆடித் தாங்கு சுருள்கள் அறுந்து போகும். போல்ட் தொலைந்திருந்தால் இயந்திரத்தை இங்கேயே விற்றுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியை இரண்டு நாள் முன்பே அணைத்து, துடைத்து, கதவைத் திறந்து காயவிட்டு ஏற்றினால்தான் உள்ளே பூஞ்சை வராது.

எரிவாயு அடுப்பை எடுத்துப் போகவே வேண்டாம். குழாய் எரிவாயுவுக்கான அடுப்பில் ஜெட் துளை பெரிசு. சிலிண்டர் எரிவாயுவில் அதே அடுப்பைப் பற்றவைத்தால் மஞ்சள் சுடர் எழும்பிப் பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும், ஆபத்தும்கூட. மிக்ஸியும் கிரைண்டரும் கோயம்புத்தூரிலிருந்து வந்தவைதானே. அவற்றை ஏன் திரும்பக் கப்பல் ஏற்ற வேண்டும்?

புத்தகத்தைச் சிறிய பெட்டியில், 20 கிலோவுக்குள் கட்டுங்கள். நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்த பொருளுக்குக் காப்பீடு பெரும்பாலும் வராது. கம்பெனி ஆள் கட்டியதற்குத்தான் வரும். அதனால் கண்ணாடி, தஞ்சாவூர் ஓவியம், சாமிப் படங்களை அவர்கள் கட்டட்டும், துணியை நீங்கள் கட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு வடகிழக்குப் பருவமழையில் நனையும் காலம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையும் சிலிக்கா பையும் கட்டாயம்.

நகையைக் கன்டெய்னரில் வைக்கவே கூடாது, கையில்தான் போக வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குப் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரை நகைக்கு வரிச்சலுகை உண்டு. நாணயத்துக்கும் கட்டிக்கும் அது பொருந்தாது. அதற்கு மேல் இருந்தால் சிவப்புத் தடத்தில் போய் அறிவித்து வரி கட்டுங்கள். கல்யாணத்தின்போது ஊரிலிருந்து கொண்டுவந்த நகைக்குப் பழைய ரசீதோ அணிந்த படங்களோ இருந்தால் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இறங்கிய நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். வரிச்சட்டத்தின் 182 நாள் கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வங்கிக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்சிஎன்ஆர் வைப்புத்தொகை முதிரும்வரை ஒப்புக்கொண்ட வட்டியில் தொடரலாம். வெள்ளியாகவோ டாலராகவோ வைத்திருக்க விரும்பினால் திரும்பி வந்தோருக்கான ஆர்எஃப்சி கணக்கைத் திறக்கலாம். சிங்கப்பூரில் இருந்தபோது சம்பாதித்த கணக்கையும் பங்கையும் அங்கேயே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது.

வரியில், முந்தைய பத்தாண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டுவாசியாகவோ, முந்தைய ஏழாண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லாதவராகவோ இருந்தால், ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும், பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டு. அதுவரை சிங்கப்பூர் வட்டிக்கும் பங்கு ஆதாயத்துக்கும் இந்தியாவில் வரி இல்லை. அது முடிந்த ஆண்டிலிருந்து எல்லா வெளிநாட்டுக் கணக்கையும், பத்து வெள்ளி கிடக்கும் கணக்கானாலும், வரிப்படிவத்தில் காட்ட வேண்டும். பெரிய தொகைகளைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு வழி உண்டு. பங்கு விற்பது, எஸ்ஆர்எஸ் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுப்பது, கணக்குகளைக் குறைப்பது எல்லாவற்றையும் இந்த இடைநிலைக்குள் முடிப்பது புத்திசாலித்தனம்.

ரொக்கம் அதிகம் கொண்டுபோகத் தேவையில்லை. 20,000 வெள்ளிக்கு மேல் என்றால் சிங்கப்பூரில் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட நோட்டுகளை அறிவிக்க வேண்டும்.

இந்திய மருத்துவக் காப்பீட்டை ஊர் போன பிறகு வாங்கலாம் என்று தள்ளாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஓராண்டு முன்பே இந்தியப் பாலிசி எடுத்தால் அந்தக் கடிகாரம் இங்கிருக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும்.

காகிதக் கட்டு

சிங்பாஸ் வேலை செய்யும்போதே இறக்க வேண்டியவை: கடைசி ஐந்தாண்டு வரி மதிப்பீடுகள், மசேநி அறிக்கைகள், ஹெல்த்ஹப் சுகாதாரத் தளத்தில் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, பலதுறை மருந்தக ஆய்வு முடிவுகள். தடுப்பூசி அட்டை இல்லாமல் பள்ளிச் சேர்க்கையில் இழுத்தடிப்பார்கள்.

பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் சட்டக் கழகம் அதைத் தருகிறது. தனியார் பள்ளியின் ஆவணம் என்றால் முதலில் நோட்டரியிடம் போக வேண்டும். சிங்கப்பூரில் பிறந்து இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குழந்தையின் பிறப்பு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இங்கிருக்கும்போதே கையில் வந்துவிட வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் சேர முடியாது. இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் போலீஸ் நற்சான்றிதழையும் வாங்கிவிடுங்கள்.

இறங்கிய முதல் மாதம்

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் ஆதாருக்குக் காத்திருப்பு இல்லை, வந்ததும் விண்ணப்பிக்கலாம். ஓசிஐ வைத்திருப்பவர் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். ஆதார் இல்லாத பிள்ளையைக் கடவுச்சீட்டையும் ஓசிஐயையும் காட்டிச் சேர்க்கச் சொல்லிப் பள்ளியிடம் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். குடியிருப்பாளர் ஆனதும் பான் எண்ணை ஆதாரோடு இணைக்க வேண்டும். இணைக்காத பான் செயலிழக்கும். மியூச்சுவல் ஃபண்டு, பங்குக் கணக்குகளிலும் வெளிநாட்டுவாசி என்று இருப்பதை மாற்றுங்கள். பழைய இந்திய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக்காட்டித்தான் புதுப்பிக்க முடியும்.

சிங்கப்பூர் எண்ணைக் குறைந்த கட்டணத்தில், ரோமிங்கில் குறுஞ்செய்தி மட்டும் வரும்படி, ஆறு மாதமாவது உயிரோடு வைத்திருங்கள். வீட்டு வைப்புத்தொகை, மின்கணக்கு மிச்சம், நிறுவனம் விடுவிக்கும் கடைசிச் சம்பளம், மசேநி எல்லாம் வந்து சேரும்வரை வங்கிக்கணக்கை மூடக்கூடாது. குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் மாதக் கட்டணம் பிடிக்கும் கணக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஜிரோ உத்தரவுகளை ரத்து செய்து, எல்லா வரவும் முடிந்தபின் கணக்கை மூடுங்கள். எண்ணைத் துண்டிப்பது அதற்கும் பிறகு.